ஏற்றத்தில் இறங்கிய முள்

"முள்ளைப் பாருங்க மாமா. இன்னும் ஒரு விரக்கடைதான், சிவப்பைத் தொட்டுடும்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ வாயை மூடு."

பம்ப் மெக்கானிக் ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். மலைப்பாதை என்று பெயர்தான். மழை அரித்துப்போட்ட கல்லும் சேறும். ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லர், அதன்மேல் ஒன்றரை டன் ஜெனரேட்டர். இருபுறமும் புதர் உரசியதால் பக்கக் கண்ணாடிகளை மடக்கியாயிற்று. பின்கண்ணாடி முழுக்கச் சேறு. இப்போது அவனுக்கு உலகமே அந்த முள்தான். கியர் ஆயிலின் சூட்டைக் காட்டும் முள். அது சிவப்பில் போய் நின்றால் கியர்பெட்டி கருகிவிடும். வண்டி அங்கேயே படுத்துவிடும்.

"அப்பவே சொன்னேன்," என்றான் பக்கத்தில் இருந்த மச்சினன். இருபது வருஷம் லாரி ஓட்டியவன். "இடது காலுக்கு வேலை வைக்காத வண்டி மலைக்கு ஆகாது. காலையில நீங்க ட்ரெய்லர் கொக்கி மாட்டும்போதே சொன்னேனா இல்லையா?"

சொன்னான்தான். மெக்கானிக் கொக்கியருகே குந்தியிருந்தபோது வந்து நின்று, "ஆட்டோமேட்டிக்கெல்லாம் பால் வாங்கப் போற வண்டி மாமா" என்று சிரித்தான். "ஏறுடா, காட்டுறேன்" என்று எழுந்தவன், கையைக்கூடத் துடைக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"எந்தக் கியர்னு அதுக்கே தெரியல. மூணுக்குப் போகுது, ரெண்டுக்கு வருது. கூட்டத்துல செருப்பைத் தேடுறவன் மாதிரி," என்றான் மச்சினன் இப்போது.

போன் அடித்தது. மச்சினன் அதை அவன் காதோரம் பிடித்தான். மலை உச்சி மருத்துவமனையிலிருந்து மனைவி. அங்கே அவள் நர்ஸ். கரண்ட் போய் இரண்டு நாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"பாதி ஏறிட்டோம்."

"ஐஸெல்லாம் தண்ணியாயிடுச்சு. பன்னெண்டு மணிக்குள்ள ஃபிரிட்ஜ் ஓடலைன்னா தடுப்பூசி மருந்து மொத்தத்தையும் தூக்கிக் கொட்டணும். நாளைக்கு இருநூறு குழந்தைங்க வருது. மறுபடி மருந்து வர ஒரு மாசம். கக்குவான் இருமல் அதுவரைக்கும் பொறுமையா உக்காந்திருக்குமா?"

"வந்துடுவேன்."

"வந்துடுவேன்னு சொல்லாதீங்க. வாங்க."

மணி பதினொன்று. முள் சிவப்பைத் தொட்டது. கருகிய வாடை வந்தது.

சற்றே சமமான இடம் பார்த்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டான்.

"இன்ஜினை அணைங்க மாமா!"

"அணைச்சா ஆயில் ஓடாது. ஓடினாத்தான் ஆறும். போய் சக்கரத்துக்குக் கல்லு வை."

அவனும் இறங்கிப் பின்னால் ஓடினான். ஜெனரேட்டர் தார்ப்பாய்க்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கயிற்றின் நான்கு முடிச்சுகளையும் இழுத்துப் பார்த்தான். கல்லாக இருந்தன. அந்தமட்டும் நிம்மதி.

பத்து நிமிஷம் அவன் நகத்தைக் கடித்தான்; மச்சினன் முள்ளையே வெறித்தான். முள் நடுவுக்கு வந்ததும் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஏறினார்கள். உட்காரும்போது பேன்ட் பாக்கெட்டில் இருந்தது தொடையில் குத்தியது. காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது, வீட்டுச் சாவியாக இருக்கும். எடுத்து வைக்க யாருக்கு நேரம்?

"அது இஷ்டத்துக்கு விட்டதுதான் தப்பு," என்று சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லோவில் போட்டு, முதல் கியரிலேயே பூட்டினான். "இனிமே எந்தக் கியர்னு அது முடிவு பண்ணாது. நான் முடிவு பண்ணுவேன்."

"வீட்டுலயும் ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பாருங்க மாமா. எங்க அக்கா என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்."

அடுத்த வளைவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறைப்படி. முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறி, 'தொம்'மென்று குலுங்கியது. பின்னால் இரும்பு உரசும் சத்தம்.

"என்னடா அது?"

"அடியில கல்லு தட்டுது. நிக்காதீங்க, நின்னா சறுக்கும்!"

அவன் நிற்கவில்லை. ஆக்சிலரேட்டரில் காலை வைத்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தான். அது ஏறவில்லை. இன்னும் இரண்டு வளைவு. அப்போதும் ஏறவில்லை. மெல்ல இறங்கக்கூடச் செய்தது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான். முள் பச்சையில் போய் ஜம்மென்று உட்கார்ந்தது.

"ஒத்துக்கிறேன் மாமா," என்றான் மச்சினன். "நம்ம கியர் வண்டியா இருந்தா இந்நேரம் கிளட்ச் கருகிச் சாம்பலாயிருக்கும். இந்த லோவுல என்னமோ இருக்கு."

"வண்டி மேல எப்பவும் தப்பு இல்லடா. ஓட்டுறவன் மேலதான்."

பதினொன்று ஐம்பதுக்கு மருத்துவமனை வாசலில் நின்றார்கள். அரைமணி நேரமாக அவன் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

மனைவி படியிறங்கி ஓடிவந்தாள். கையில் நீளமான ஒயர்ச் சுருள். அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே ஜீப்பின் பின்பக்கம் போனாள். போனவள் அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னங்க, ஜெனரேட்டர் எங்க?"

அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. காலையிலிருந்து தொடையில் குத்திக்கொண்டிருந்ததை வெளியே எடுத்தான்: ட்ரெய்லர் கழன்றுவிடாமல் கொக்கியில் செருக வேண்டிய விரல்நீளப் பூட்டு ஆணி.