ஓய்வில் இருப்பவன்

ராத்திரி முழுக்க டாக்ஸி ஓட்டிய குணாளனின் ஆப் விடியும்போது பூட்டிக்கொண்டது. தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்த சவாரி என்பது கம்பெனியின் பாதுகாப்பு விதி. அவன் அதே கம்பெனியில் ஓட்டும் நண்பன் சகாயத்தின் போனை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சகாயம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

புறவழிச்சாலையில், உச்சிவெயிலில், பின்சீட்டிலிருந்த தாரிணி தன் போனில் வந்த ஓட்டுநர் படத்தையும் கண்ணாடியில் தெரிந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து மிளகு ஸ்பிரேயை எடுத்து அவன் கன்னத்தருகே நீட்டினாள்.

"யார்யா நீ? படத்துல இருக்கறது நீ இல்ல. வண்டிய நிறுத்து."

"அது என் ஃப்ரெண்டு மேடம். கம்பெனி கணக்குல நான் இப்போ தூங்கிட்டிருக்கேன்."

"கதை விடாத. நிறுத்துடா!"

"நிறுத்தினா நெஜமாவே தூங்கிருவேன்."

"அடிச்சிருவேன், பாத்துக்கோ."

அப்போது அவன் சட்டைப்பையிலிருந்த சொந்தப் போன் ஒரு பெண்ணின் குரலில் இனிமையாகப் பேசியது: "வணக்கம் குணாளன். உங்கள் ஓய்வு நேரம் முடிந்தது. இனி நீங்கள் புத்துணர்ச்சியோடு வண்டி ஓட்டலாம்."

தாரிணி கண்ணாடியில் அவன் கண்களைப் பார்த்தாள். ஸ்பிரே அடிக்காமலே அவை சிவந்திருந்தன. இமைகள் இறங்கி, அங்கேயே நின்று, மெல்ல ஏறின. வண்டியின் வேகம் குறையவில்லை.

"அடிங்க மேடம்," என்றான் குணாளன். "மூஞ்சி கழுவிப் பாத்துட்டேன், பச்சமொளகா கடிச்சுப் பாத்துட்டேன். எதுக்கும் தூக்கம் போவல. இதுக்காச்சும் போவுதான்னு பாப்போம்."