நாலு படி தவிடு

பிள்ளையின் விலை நாலு படி தவிடு.

அவர்கள் வீட்டில் பேரம் பேசாமல் முடிந்த வியாபாரம் அது ஒன்றுதான்.

அவள் மடியில் பித்தளைத் தவலை. தவலை நிறையத் தவிடு.

தவிட்டுக்கு இந்தக் கனம் ஆகாது.

ரயில் எல்லைப் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பாலம் வரை பிரெஞ்சுக்காரன் ஊர். தாண்டினால் இங்கிலீஷ்காரன் ஊர். பெட்டியின் அந்தக் கோடியில் சுங்கத்துக்காரர் இரும்புக் கம்பியோடு நின்றிருந்தார். மூட்டையோ, படுக்கையோ, பலாப்பழமோ, குத்திப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்.

துணியை விலக்கித் தவிட்டுக்குள் விரல்களை விட்டாள்.

சில்லென்று ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. அடியில் இன்னும்.

கைக்கடிகாரங்கள்.

தவலையைப் புருஷன் தானே தூக்கிவந்து ரயிலில் வைத்தபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். குடையைக்கூட ஆள் வைத்துப் பிடிக்கும் ஜவுளிக்கடைக்காரர் அவர். காலித் தவலையை வாங்கிக்கொள்ள ஸ்டேஷனில் ஆள் வருவான் என்று வேறு சொல்லியிருந்தார். பிள்ளையை மீட்கப் போகிற பயணத்தைக்கூட லாபமில்லாமல் விட அவருக்கு மனசு வரவில்லை.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தக் கிளைப் பாதை போட்ட நாளிலிருந்து ஊரே அப்படித்தான். போகும்போது பட்டும் சீமைச் சாராயமும். வரும்போது அரிசியும் புகையிலையும். டிக்கெட் வாங்கிப் போனவர்களைவிட, அவர்கள் வயிற்றில் கட்டிப் போன சரக்குதான் அதிகம் பயணம் செய்தது. ரயில்காரனுக்கு நஷ்டம். மூடுகிறான்.

இதுதான் கடைசி வண்டி.

மூன்று பெற்று ஒன்றும் தங்காதவள் அவள். நாலாவதை, பிறந்த வாரமே, இதே ரயிலில் கொண்டுபோய்க் குஞ்சம்மாவுக்குத் தவிட்டுக்கு விற்றாள். குஞ்சம்மா ஏழு பெற்று ஏழும் தங்கியவள். அவள் வீட்டுப் பிள்ளைகளை எமன் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்று வயது முடிந்ததும் மீட்க வேண்டும். பெற்றவள் வீட்டு நெல்லின் தவிடாக, அதே அளவு கொடுக்க வேண்டும். பிள்ளை போன வழியிலேயே திரும்ப வேண்டும்.

நாளைக்கு அந்த வழி இருக்காது.

கோணி கிழிகிற சத்தம். சுங்கத்துக்காரர் நாலு இருக்கைப் பலகை தூரத்துக்கு வந்துவிட்டார்.

பிடிபட்டால் சுங்கச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். வண்டி போய்விடும். பிள்ளை குஞ்சம்மாவுடையதாகிவிடும்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய நேரமில்லை.

மூன்று பலகை.

கம்பி ஒரு கிழவரின் தலையணைக்குள் இறங்கியது. சுங்கத்துக்காரர் குனிந்தார்.

சக்கரத்தின் சத்தம் மாறியது. கீழே தண்ணீர்.

அவள் தவலையை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள்.

கடிகாரங்கள் ஒழுங்காக ஆற்றில் போய் விழுந்தன. தவிடுதான் சொன்னபடி கேட்கவில்லை. காற்றோடு திரும்பிப் பெட்டிக்குள் வந்தது. கிழவர் தும்மினார். சுங்கத்துக்காரர் நிமிர்ந்தபோது அவர் மீசை பழுப்பாகியிருந்தது.

நேரே அவளிடம் வந்தார். தவலைக்குள் கம்பியை விட்டார்.

ணங்.

வெறும் தவலையை மடியில் வைத்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"பிள்ளை வாங்க."

மீசையைத் தடவி, விரலில் ஒட்டியதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அடுத்த பலகைக்குப் போனார்.

கடைசி ஸ்டேஷன். என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் நேரம்தான் வண்டி நிற்கும்.

குஞ்சம்மா மேடையில் நின்றிருந்தாள். பின்னால் ஏழு. இடுப்பில் எட்டாவது. கையில் படி.

புருஷனின் ஆள் தவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே குஞ்சம்மா அவள் கூந்தலை உதறினாள். முந்தானையைத் தட்டினாள். கொசுவத்தைப் பிரித்து உதறச் சொன்னாள். விழுந்ததையெல்லாம் படியில் ஏந்தினாள்.

ஒரு கைப்பிடி தேறியது.

என்ஜின் மாட்டிய அதிர்வு பெட்டி பெட்டியாக ஓடிவந்தது.

குஞ்சம்மா படிக்குள் பார்த்தாள். பிள்ளை அவள் தாலிக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

பச்சைக் கொடி அசைந்தது.

நாள் முழுக்கப் பேரம் நடக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், பேரம் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அளவு பத்தல, செட்டியாரம்மா."

சொல்லிக்கொண்டே குஞ்சம்மா கயிற்றிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"மீதிய இவளே வளந்து கொண்டாந்து அளக்கட்டும்."

பிள்ளையோடு அவள் ஏறியதும் வண்டி நகர்ந்தது. பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி அழுதது. மேடை முடியும் வரை ஏழு பேரும் ஓடிவந்தார்கள். குஞ்சம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

பாலத்தில் அவள் கீழே பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவர் கணக்குக் கேட்பார். மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கடிகாரம், ஆற்றோடு போச்சு.

வரவு, பிள்ளை ஒன்று.

பாக்கி, நாலு படி தவிடு, ஒரு கைப்பிடி குறைய.

தவணை, குஞ்சம்மா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.