துடைத்துக் கொடுத்த லேப்டாப்

வியாழக்கிழமைக்குள் தலைமையாசிரியர் லுபேகாவின் லேப்டாப் திருட்டுப் போயாக வேண்டும்.

எங்கள் மசாக்கா ஊரில் அவனவன் சாமான் களவு போய்விடுமோ என்று பயந்து சாகிறான். இவரோ போக மாட்டேன் என்கிறதே என்று தவித்தார். காரணம் இருந்தது. ஏழாம் வகுப்பு மாவட்டத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் இவரும் ஒருவர். தயாரித்த கையோடு பெற்றோருக்கு விற்றும்விட்டார். கணக்குக்கு ஓர் ஆடு, ஆங்கிலத்துக்கு இரண்டு கோழி. வினாத்தாள், வாங்கியவர்கள் பெயர் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். புகார் போனதால், பள்ளி ஆய்வாளர் நபுகீரா அம்மாள் வியாழனன்று வந்து அதைத் திறந்து பார்ப்பார் என்று கடிதம் வந்துவிட்டது. மாட்டினால் வேலையும் போகும், ஜெயிலும் நிச்சயம்.

ஏரியில் வீசலாமென்றால் அது அரசாங்கப் பொருள், தண்டம் கட்ட வேண்டும். தானே அழித்தாலோ, ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள்.

அப்போதுதான் ரெகவரி பார்ட்டிஷன் ஞாபகம் வந்தது. லேப்டாப் புதிதாக வந்த வாரம், பெட்டியில் போட்டிருந்ததைவிட உள்ளே இடம் குறைகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருந்தார். கம்பெனிக்காரனே ஒரு மூலையை ஒதுக்கி மறைத்து வைத்திருக்கிறான், முதல் நாள் இருந்த நிலை அதில் அப்படியே இருக்கிறது, இடத்துக்கு ஆசைப்பட்டு அதை அழித்துவிடாதீர்கள், ஒருநாள் உங்களைக் காப்பாற்றும் என்றார் அவர். அந்த நாள் வந்துவிட்டது. சந்தோஷத்தில் லுபேகாவுக்குத் தலைகால் புரியவில்லை.

திருடன் துடைத்துவிட்டான் என்றால் இவரை யார் கேட்பார்கள்? திருடுவதற்கு ஆள்? வஸ்வா இருக்கிறானே. பேருந்து நிலையத்தில் பிக்பாக்கெட். இவரிடம் ஏழாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். வயது முப்பத்தைந்து ஆகியும் சொன்னதைச் சொன்னபடி செய்வான், சொந்தமாக யோசிக்கிற கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது.

“ஆன் பண்ணும்போதே இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிடா. என்னென்னவோ கேக்கும். எது கேட்டாலும் சரின்னு அமுக்கு. கடையில வாங்கினப்ப இருந்த மாதிரி ஆயிடும். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் வேலியோரமா வெச்சுட்டு ஓடிடு.”

“முடிச்சிட்டு வந்து சொல்லவா சார்?”

“வந்தே, காலை உடைச்சிருவேன். இனிமே என் வாசப்படியையே நீ மிதிக்கக் கூடாது.”

வஸ்வாவின் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்குச் செய்யாம வேற யாருக்கு சார் செய்யப்போறேன்” என்றான். கூலியாக ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

செவ்வாயன்று லேப்டாப் போயிற்று. லுபேகா காவல் நிலையத்தில் அழுத அழுகையில் ஏட்டம்மா டீ வாங்கிக் கொடுத்தார். புதனன்று வேலியோரம் கிடந்ததாகத் திரும்பியும் வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தார். ‘வருக! உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்’ என்றது திரை. தொந்தி குலுங்க, மேஜையைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டார் மனிதர்.

வியாழனன்று நபுகீரா அம்மாள் அதே திரையை வெகுநேரம் பார்த்தார். சலித்துப்போய் மூடினார்.

“பாவிப்பய, சுத்தமாத் துடைச்சிட்டானே சார். உங்க உழைப்பெல்லாம் போச்சே” என்றார்.

லுபேகா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். விசாரணைக்கு எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அப்படியே விட்டிருக்கலாம். லுபேகாவைச் சந்தோஷம் விடவில்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்தார். வாழைக்காய் மசியலும் வேர்க்கடலைக் குழம்பும் ஆட்டுக்கறியும் வந்தன.

மணி ஒன்று. சமையற்காரம்மா ரேடியோவைப் போட்டாள். ஊரே வாய் மூடிக் கேட்கிற அறிவிப்பு நேரம் அது. யார் செத்தார், எவர் மாடு காணோம், யாருடைய சான்றிதழ் கிடைத்திருக்கிறது என்று வாசிப்பார்கள். எங்கள் ஊர்த் திருடர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பர்ஸை எடுத்துக்கொண்டாலும், அதிலிருக்கும் காகிதங்களை வானொலி நிலையத்தில் கொடுத்துவிடுவார்கள். உரியவருக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று, உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் வாசிப்பது நிலையத்தாரின் வழக்கம்.

“சத்தமா வை, அம்மாவும் கேக்கட்டும்” என்றார் லுபேகா, எலும்பைக் கடித்தபடி.

“அடுத்ததாக ஒரு பென் டிரைவ்: தலைமையாசிரியர் லுபேகா தயாரித்த ஏழாம் வகுப்பு வினாத்தாள்களும், அவற்றுக்கு ஆடு, கோழி கொடுத்த இருபத்திரண்டு பெற்றோரின் பெயர்களும் இதில் பத்திரமாக இருக்கின்றன, அழிப்பதற்கு முன் நகல் எடுக்கட்டுமா என்று லேப்டாப் கேட்டதால் எடுத்து வைத்ததாகவும், நேரில் வரக் கூடாதென்று சார் சொல்லிவிட்டதால் இங்கே கொடுப்பதாகவும் கூறி, நன்றி மறவாத பழைய மாணவர் ஒருவர் ஒப்படைத்துச் சென்றார்.”