வில்லுக்கு ஒரு போல்ட்

"அக்கா, இந்த மாதிரி போல்ட்டு எங்கனா பாத்துகீறீங்களா?" லேத் பட்டறை கோகுல்ராஜ் சாக்பீஸால் இரும்புத் தகட்டில் வரைந்து காட்டினான். தறிக்கு ஒரு கொக்கி அடித்து வாங்கிப்போக வந்த கலைமகளுக்குக் கொக்கி சுத்தமாக மறந்துபோயிற்று.

தட்டைத் தலை, குட்டை உடம்பு, கழுத்தில் ஒரு பள்ளம். அதே போல்ட்.

"எதுக்குப்பா இது?"

"ஏதோ பழைய வில்லுக்காம். இப்ப அந்த மாடலே வர்றதில்லயாம். சென்னை, பெங்களூருன்னு எல்லா எடத்துலயும் போன் போட்டுப் பாத்துட்டாராம், ஸ்பேரே இல்லியாம். பித்தளையில, இஞ்ச் மரையில, தறி நூல் சுத்துற தார்க்குச்சி கனத்துக்கு ஒண்ணு கடைஞ்சு குடுன்னாரு."

"யாரு?"

"போன்லதான் பேசினாரு. தொண்டை கட்டின குரலு. பேரக் கேட்டா சொல்லல. யார்கிட்டயும் மூச்சு விடாத, பொழுது சாய வந்து வாங்கிக்கிறேன்னாரு. அய்யய்யோ, உங்ககிட்ட சொல்லிட்டேனே!"

கோகுல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். கலைமகள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கலசப்பாக்கத்தில் அவள் புருஷன் தமிழ்செல்வனுக்குப் பெண்டாட்டியைவிட அந்த வில் உசத்தி. யாரோ வெள்ளைக்காரனிடமிருந்து கைமாறி வந்த பழைய சரக்கு. நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் நுனி எதிர்ப்பக்கம் சுருண்ட இரண்டு கைகள், கைக்கு ஒரு போல்ட். குடித்துவிட்டு வந்தால் அவளைக் கதவோரம் நிற்க வைத்துத் தலைக்கு மேலே அம்பு விடுவான். அவள் அலறினால் அவனுக்குச் சிரிப்பு.

போன மாதம் ஓர் அம்பு காதை உரசிக்கொண்டு போயிற்று. அவன் அசந்து தூங்கிய நேரத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அப்பா வீட்டுக்கு ஆரணி பஸ் ஏறிவிட்டாள். இன்றுவரை எந்தப் புடவை கட்டினாலும் அந்த முடிச்சு உண்டு. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாளே அவன் போன் பண்ணினான். "வில்லு ரெடியாவட்டும்டி. மொத அம்பு உனக்குத்தான்."

அந்தக் காலத்து போல்ட் இனி எங்கும் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் அவளுக்குச் சோறு இறங்கியது. இப்போது அவன் ஆரணிக்கே வந்துவிட்டான்.

"தம்பி, அத மட்டும் செஞ்சு குடுக்காதப்பா. உனக்குப் புண்ணியமா போவும்."

"ஏங்க்கா?"

அவள் அதற்குள் பட்டறையை விட்டு இறங்கிவிட்டாள். தெருவில் வந்த ஒவ்வொரு பைக்கும் அவனுடையதாகவே தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்து வாசல் கதவைத் தாழ் போட்டாள், பின்கதவுக்குக் கொக்கி மாட்டினாள். அப்பா வேலு, நெய்து முடித்த புடவையைக் கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். போன் அடித்தால் எந்நேரமும் பிஸி.

பாவம் அப்பா. போன வாரம் அவளுடைய சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி வாங்கிவர இரண்டு பெரியவர்களோடு கலசப்பாக்கம் போனவர், அண்டா குண்டாவோடு, தறியில் பூட்டும் நூல் என்று ஒரு பாவு மூட்டையையும் தோளில் சுமந்துகொண்டு வந்தார். "தொடாதம்மா, சிக்கு வுழுந்துடும்" என்று அதைத் தறிக்குழிக்குள் இறக்கி வைத்தார். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதுகூட இல்லை.

வாசல் கதவு தட்டப்பட்டது.

கலைமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். மறுபடி தட்டு. பேர் சொல்லிக் கூப்பிடக் காணோம். பிறகு செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று.

ஒளிய வேறு இடம் ஏது? தறிக்குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டாள். கூடவே அந்தப் பாவு மூட்டை. பட்டுப் பாவு என்றால் மெத்தென்று இருக்க வேண்டும். இது முழங்காலில் சுள்ளென்று இடித்தது.

துணிக்குள் கையை விட்டாள். வழவழவென்று மரம். தடவிக்கொண்டே போனால் நுனி எதிர்ப்பக்கம் சுருண்டிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வில்லை இந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டான்! போல்ட் ஒன்றுதான் பாக்கி! பயத்தில் இருப்பவளுக்கு வேறென்ன தோன்றும்?

பின்கதவின் கொக்கியை யாரோ வெளியிலிருந்து கைவிட்டுத் தூக்கினார்கள். காலடிகள் நேராகத் தறியை நோக்கி வந்தன. அவள் முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். மாரியாத்தா, மாரியாத்தா என்று உதடு மட்டும் அசைந்தது.

குழியின் விளிம்பில் காலடி நின்றது. கண்ணைத் திறந்தாள். தறி மிதித்து மிதித்துப் பெருவிரல் தேய்ந்த இரண்டு பாதங்கள்.

வேலு காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார். மகளை அவர் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"செய்ய மாட்டியா? ஏம்பா கோகுலு, யாரு வேணாம்னது? அவன் வர்றப்ப இந்த வில்லு எம் பொண்ணு கையில இருக்கணும்பா!"