முதல் வெற்றி

"ஆண்டவரே, ஒரே ஒரு தடவை அவங்களை ஜெயிக்க வையும்!"

சபைக் கோயிலில் காலையிலிருந்து முழங்காலில் நின்றாள் நேசம்மாள்.

நாகர்கோவில் மோட்டார் கிளப்பில் எல்லோரிடமும் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். அவள் கணவன் ஆபேலிடம் மட்டும் பெல்ஜியம் வண்டி. ஒரு போல்ட் போனாலும் கொழும்பிலிருந்து கப்பலில் வர வேண்டும். பந்தயத்தில் பாதி வழியில் நின்றுவிடும். அந்தச் செலவுக்கே ஒரு தென்னந்தோப்பு விற்றுப் போய்விட்டது.

சாயங்காலம் ஆபேல் கோப்பையோடு வந்தான்.

"ஜெயிச்சாச்சு, ஏட்டி! ஞானமுத்து எனக்குப் பொறவாலதான் வந்தான்!"

நேசம்மாள் அழுதேவிட்டாள்.

"வண்டிய ஏசிட்டே கெடந்தவ, இப்பம் எதுக்கு அழுக?"

"நிம்மதியில அழுகேன். முதல்ல காய்ச்ச தேங்காயைக் கோயிலுக்குக் குடுக்கது மாதிரி, முதல்ல ஜெயிச்சதையும் குடுக்கேன்னு நேர்ந்திருந்தேன்."

"அதுக்கென்ன? கோப்பையக் குடு."

"கோப்பையா ஜெயிச்சுது? வண்டிதானே ஜெயிச்சுது!"

நேர்ந்ததை மீற முடியுமா?

கோயிலுக்கு வந்த காணிக்கைகளை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே நின்றது வண்டி. பந்தயத்தில் தோற்ற ரோசத்தில் விடாமல் ஏலம் கேட்டு, ஞானமுத்துவே அதை எடுத்தான்.

அடுத்த பந்தயத்தன்று நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனாள் நேசம்மாள். அங்கே ஞானமுத்துவின் மனைவி தங்கபாய் முழங்காலில் நின்றிருந்தாள்.

"ஆண்டவரே, ஒரே ஒரு தடவை..."