திட்டுத் திட்டம்

"தினமும் திட்டுறார்னு உங்களுக்கே தெரியுது. அப்புறமும் ஏன்மா அவருக்குப் போன் பண்றீங்க?"

குழுத் தலைவி கேட்டதில் தப்பே இல்லை. ஊருக்கு உபகாரமாக ஏதாவது செய்யும் இளைஞர்களுக்குச் சிறு உதவித்தொகை கொடுக்கும் குழு அது. போன வருஷம் இந்தப் பெண்ணுக்கும் அவளுடைய கூட்டாளிகளுக்கும் கொடுத்திருந்தார்கள்.

வேலை என்னவோ சின்னதுதான். தனியாக இருக்கும் வயசானவர்களுக்குக் காலையில் ஒரு போன். எழுந்தாச்சா, மாத்திரை போட்டாச்சா, உடம்பு எப்படி, அவ்வளவுதான். இந்த வருஷமும் தொகை வந்தால் போன் ஓடும். வராவிட்டால் எல்லாவற்றுக்கும் பூட்டு.

குழுவின் குமாஸ்தா அந்த வயசானவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, இந்தச் சேவை எப்படி என்று விசாரித்திருந்தார். எல்லோரும் தங்கமான பிள்ளைகள் என்றார்கள். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர் மட்டும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். காலங்காத்தால உயிரை வாங்குறா, அந்தப் பொண்ணுக்கு வேற பொழப்பே இல்லையா என்று அவர் போட்ட போட்டில், குமாஸ்தா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாராம்.

பிறகென்ன, இரண்டு பக்கத்தையும் நேரில் வரச்சொல்லிவிட்டார் தலைவி. பெண் வந்துவிட்டாள். கண்டக்டரைத்தான் இன்னும் காணோம்.

"திட்டுவார் மேடம். ஆனா முதல் மணியிலயே எடுத்துடுவார்" என்றாள் பெண்.

இதெல்லாம் ஒரு பதிலா என்பது போலப் பார்த்தார் தலைவி. பக்கத்தில் இருந்த நெட்டை, அவள் கூட்டாளி, நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று இன்னும் கெடுத்தான். தாத்தா திட்டிவிட்டார் என்றால்தான் தங்களுக்கு நிம்மதி என்றும், தினமும் அதைத்தான் ஒருவருக்கொருவர் முதலில் கேட்டுக்கொள்வதாகவும் உளறினான்.

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு? விருப்பம் இல்லாதவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது. நாங்க போட்ட முதல் நிபந்தனையே அதுதான்."

"மேடம், போன மாசம் ஒரு நாள் அவர்..." என்று ஆரம்பித்தான் நெட்டை. மேஜைக்கடியில் அவன் காலை நறுக்கென்று மிதித்தாள் பெண். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

போன மாசம் என்ன என்று தலைவி கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள் அவள். கண் கலங்கிவிட்டது.

மேலே கேட்க ஒன்றுமில்லை. தொகை இல்லை என்று எழுத, தலைவி வருத்தத்தோடுதான் பேனாவைத் திறந்தார்.

அப்போது வெளியே கைத்தடி சத்தம் கேட்டது. கண்டக்டர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். வந்தவர் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. உள்ளே நடந்த பேச்சு வாசலிலேயே காதில் விழுந்திருக்கும்போல, நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"ஏண்டி, வாயைத் தச்சு வச்சிருக்கியா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீங்கதானே தாத்தா சத்தியம் வாங்கினீங்க."

"சத்தியமாவது மண்ணாவது. இப்படியா ஒருத்தி அசடா இருப்பா?"

அப்புறம் தலைவி பக்கம் திரும்பி, நின்றுகொண்டே சொன்னார். போன மாசம் ஒருநாள் வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. விழுந்த சேதி மகன் காதுக்குப் போனால், வீட்டைப் பூட்டித் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அதனால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, நல்லா இருக்கேன்மா, ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே இவள் பக்கத்து வீட்டில் இருந்த சாவியை வாங்கிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இவர்கள்தான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று இவர்தான் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

தலைவிக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"நல்லா இருக்கேன்னுதானே சொன்னார்? உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நன்றின்னு சொன்னார் மேடம். தாத்தா அப்படியெல்லாம் பேசுற ஆளே இல்ல. உடனே கிளம்பி ஓடினேன்."

குமாஸ்தா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"நேர்ல வரச்சொல்லி உங்க ஆபீஸ்ல இருந்து நேத்து போன் வந்ததுமே என் பையன்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன்" என்றார் கண்டக்டர். "குதிகுதின்னு குதிச்சான். கடைசியில, இந்தப் பொண்ணு தினமும் கூப்பிடுறவரைக்கும் அங்கேயே இருங்கன்னுட்டான். இப்ப நீங்க இவங்களை நிறுத்தினீங்கன்னா நான் பொட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் வயசுக்காரங்களும் விழுந்தா, பூட்டின கதவுக்குப் பின்னாடியே கிடக்க வேண்டியதுதான். நல்லா இருங்க."

தலைவி எழுந்து வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு திரும்பிப் போய், இந்த வருஷத்துக்கு மட்டுமல்ல, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே கையெழுத்தைப் போட்டார். நெட்டை, மிதிபட்ட காலையும் மறந்து குதித்தான்.

கண்டக்டர் மெல்ல எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார். திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். குரல் ரொம்பத் தணிந்து வந்தது.

"ரொம்ப நன்றிம்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தாத்தா, என்ன பண்ணுது? உட்காருங்க முதல்ல. நெட்டை, ஆட்டோ கூப்பிடுடா."

"கையை எடுடி கழுதை. இது நிஜ நன்றி."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தாத்தா நன்றாகத்தான் இருக்கிறார்.