சின்னதாக ஒரு பார்ட்டி

"கேக்கே வேண்டாம்னு நான் சொல்லலைங்க. சர்க்கரை போடாத கேக்கா இருக்கட்டும்னுதான் சொல்றேன்," என்றார் பல் டாக்டர் அம்மா.

"சர்க்கரை போடலேன்னா அது வெறும் ரொட்டிங்க," என்றார் பஸ் டிரைவர்.

பள்ளி நூலகத்தில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த குட்டி நாற்காலிகளில், இரண்டாம் வகுப்பின் பெற்றோர் எல்லாரும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வகுப்பில் பி.டி. மாஸ்டர் பொறுப்பில் இருந்தார்கள். நாளையோடு பள்ளி முடிந்து இலையுதிர்கால விடுமுறை. அதற்கு முன்னால் வகுப்பில் சின்னதாக ஒரு பார்ட்டி. ஒரு கேக், இரண்டு பாட்டு, உதிர்ந்த இலைகளை நூலில் கோத்து ஒரு தோரணம். டீச்சர் கேட்டது அவ்வளவுதான். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசாமல் பார்ட்டி நடத்தக் கூடாது என்பது தலைமையாசிரியர் போட்ட விதி.

போன வருஷம் பெரியவர்கள் வகுப்புக்குள்ளேயே நின்று வாக்குவாதம் செய்ததில், கேக்கை வெட்டுவதற்குள் பள்ளி விடும் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு அழுதபடியே போனார்கள். அந்தக் கேக்கைக் கடைசியில் யார் தின்றார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் பார்ட்டி நிச்சயம் உண்டு என்று டீச்சர் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒன்றரை மணிக்குத் தொடங்கிய கேக் விவகாரம் ஒரு வழியாக முடிந்தது. கேரட் கேக், ஆளுக்கு ஒரு விரல் அகலம், தின்றதும் பல் தேய்ப்பு. எல்லாரும் எழுந்திருக்கப் போன நேரம் பார்த்து, "அப்போ இலைத் தோரணம்?" என்று டீச்சரே வாயைக் கொடுத்தார். இந்த அம்மாவுக்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் இருக்கக் கூடாதா?

தரையில் கிடந்த இலையைப் பிள்ளைகள் தொடுவதா என்று ஒருவர் பதறினார். வெந்நீரில் கழுவலாம் என்றார் இன்னொருவர். கழுவினால் நிறம் போய்விடும், துணியில் செய்த இலை வாங்கலாம் என்றார் மூன்றாமவர். நூல் கழுத்தில் சுற்றிக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்ட வக்கீல் அப்பா, உட்கார்ந்த இடத்திலேயே ஒப்புதல் படிவம் எழுதத் தொடங்கினார். அதில் முதல் பக்கம் முழுவதும் 'பிள்ளை' என்றால் யார் என்ற விளக்கத்துக்கே சரியாகப் போயிற்று.

அரை நாள் லீவு போட்டு வந்திருந்த பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைங்க கேக்கைத் தின்னுட்டு நாலு குதி குதிச்சிட்டுப் போகட்டுமேங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார்.

"குதிக்கறதுன்னா எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் வக்கீல், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே.

மூன்று மணிக்கு மறுபடியும் ஒத்துப்போகிற மாதிரி இருந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எந்தப் பாட்டைப் பாடலாம் என்று கேட்டுவைத்தார். அதில் இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. பாட்டுக்கு ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று பஸ் டிரைவரே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

மூன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் முடிவு எட்டப்பட்டது. பாட்டு இல்லை, இலை இல்லை, குதி இல்லை. நாளைக்குப் பெற்றோர் அத்தனை பேரும் வகுப்புக்கு நேரில் வந்து, பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்வது என்றும் தீர்மானமாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மூக்கெல்லாம் கிரீம், தலையெல்லாம் இலைத் துணுக்கு. கத்திக் கத்தி ஒருவருக்கும் குரல் வரவில்லை. பின்னாலேயே பி.டி. மாஸ்டர் சட்டை முழுக்க சாக்லெட்டோடு வந்து நின்றார்.

"என்ன டீச்சர் இது?" என்றார் வக்கீல்.

"பார்ட்டி நல்லபடியா முடிஞ்சிடுச்சு சார். ஒன்றரைக்கே ஆரம்பிச்சுட்டாங்க," என்றார் டீச்சர் நிதானமாக. "திட்டம் முழுக்க உங்க பிள்ளைங்க போட்டதுதான், அஞ்சே நிமிஷத்துல. அதுல முதல் வேலையே, அப்பா அம்மாவை எல்லாம் லைப்ரரியில உட்கார வெச்சுப் பார்ட்டியைப் பத்திப் பேச விட்டுடணும்கறதுதான்."